80 மீட்டர் என்று சொல்லி விற்கப்பட்ட காயில்: பழைய டிரான்ஸ்மிட்டர் பாகம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய ஹாம் (அமெச்சூர் வானொலி) டிரான்ஸ்மிட்டருக்கு பிளக்-இன் காயில், அதாவது செருகி எடுக்கும் கம்பிச் சுருள், தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்கு வந்து சேர்ந்தது வெறும் மட்டமான சரக்கு மட்டும் இல்லை, உயர் மின்னழுத்தத்தில் செருகினால் ஆளையே அடிக்கக்கூடிய பொருள். விற்றவருக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மேலே பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்.

1930களிலும் 40களிலும் பேண்ட் (அலைவரிசை) மாற்றுவது என்றால், டிரான்ஸ்மிட்டரை அணைத்து, ஃபைனல் வால்வை, அதாவது கடைசிக் கட்ட வால்வை, அந்த பேண்டுக்கு டியூன் செய்யும் டேங்க் காயிலைப் பிடுங்கிவிட்டு அடுத்த பேண்டுக்கானதைச் செருகுவதுதான். பார்க்கர் அண்ட் வில்லியம்சன், நேஷனல், பட் என்று பல அமெரிக்க நிறுவனங்கள் இந்தக் காயில்களைச் செய்து விற்றன. பிறகு பை நெட்வொர்க் என்ற வேறு வகை டியூனிங் அமைப்பும் பேண்ட் சுவிட்சும் வந்து இவற்றின் காலம் முடிந்தது. அந்தக் கால டிரான்ஸ்மிட்டரை அப்படியே மீட்டெடுக்க நினைப்பவர்களுக்கு இன்றும் அசல் காயில்தான் வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை என்பதால், தேடி வருபவனின் ஆசையை வைத்து விளையாடுவது சுலபம்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: 80 மீட்டர் (3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கமுள்ள பேண்ட்) காயில், நடுவில் அசையும் லிங்க் (ஆன்டெனாவுக்கு சக்தியை எடுக்கும் சின்னச் சுருள்) உள்ள வகை, கை வைக்காத அசல், ஒரு சைலன்ட் கீயின் அறையிலிருந்து எடுத்தது. மறைந்துபோன ஹாமைத்தான் நாம் சைலன்ட் கீ என்போம். அந்த வார்த்தையைப் பார்த்ததும் நமக்கு ஒரு மரியாதையும் நம்பிக்கையும் தானாக வந்துவிடும். அதை ஒருவர் விற்பனைத் தந்திரமாக்கியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சுற்றுகள் எதுவும் வெட்டப்பட்டிருக்கிறதா, பிளக்குகள் பொருத்திய அடிப்பட்டை மாற்றப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டேன். “எல்லாம் ஒரிஜினல், ஒன்றையும் தொடவில்லை” என்று எழுத்திலேயே பதில் வந்தது. அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னதற்கு, ஏற்கெனவே பேக் செய்துவிட்டதாகச் சொன்னார்.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது பளபளப்பு. பழைய செம்புக் கம்பி பழுப்பேறித்தான் இருக்கும், அதனால் பெரிய கெடுதலும் இல்லை. இந்தக் காயில் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டைகளோ பால் கலந்ததுபோல் வெளுத்து, பொடிப்பொடியாக விரிசல் விட்டிருந்தன. பாலிஸ்டைரீன் மீது அசிட்டோனோ தின்னரோ பட்டால் அது கரைந்து இப்படித்தான் ஆகும். சும்மா அழகுக்காக யாரோ தின்னரில் துடைத்திருக்கிறார்கள். மிதமான சோப்புத் தண்ணீரே போதும் அதற்கு.

சரி, அதைக்கூட மன்னித்துவிடலாம். அப்புறம்தான் சுற்றுகளை எண்ணினேன். நடுவில் லிங்க் அசைவதற்கு இடைவெளி விட்ட காயிலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகள் இருக்க வேண்டும். அந்த நடுப்புள்ளியை நம்பித்தான் புஷ்-புல் (இரண்டு வால்வுகள் மாறிமாறி வேலை செய்யும்) சர்க்யூட்டின் சமநிலையும், வால்வு தானாக ஊசலாடாமல் தடுக்கும் நியூட்ரலைசேஷனும் நிற்கின்றன. இதில் ஒரு பாதி மற்றதைவிடக் குறைவாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கம்பி முனைகள் கட்டர் கடித்த தட்டையோடு இருந்தன, மேலே புது சால்டர் உருண்டை. பட்டைகளின் ஓரத்தில் முன்பு கம்பி பதிந்திருந்த பள்ளங்களை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் ஒரு பட்டையில் இரண்டு பள்ளங்கள் மிச்சம் இருந்தன.

அளந்தும் பார்த்தேன். 100 பிகோஃபாரட் சில்வர் மைக்கா கண்டென்சரைக் காயிலுக்குக் குறுக்கே போட்டு கிரிட் டிப் மீட்டரை (சுருள் எந்த அலைவெண்ணில் டியூன் ஆகிறது என்று காட்டும் கருவி) அருகில் கொண்டுபோனால், 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஊசி அசையவே இல்லை. 5 மெகாஹெர்ட்ஸ் அருகில்தான் டக்கென்று இறங்கியது. அந்தக் கண்டென்சரோடு 3.5-இல் டியூன் ஆக ஏறக்குறைய 20.7 மைக்ரோஹென்றி வேண்டும். இதில் இருந்தது 10 மட்டும்தான். ஆக, 40 மீட்டருக்காக (7 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்) யாரோ வெட்டிச் சுருக்கிய காயில் இது. 80 மீட்டரில் இதைப் போட்டால் கண்டென்சரை இரு மடங்காக்க வேண்டும். பழைய வேரியபிள் கண்டென்சர் பலவற்றில் அவ்வளவு கொள்ளளவே இருக்காது. இருந்தாலும் டேங்கில் சுழலும் மின்னோட்டம் இரு மடங்காகிக் கம்பி சூடேறும்.

மீட்டர் கைவசம் இல்லாதவர்கள் கணக்குப் போட்டே பிடித்துவிடலாம். ஹெரால்டு வீலர் 1928-இல் வெளியிட்ட சூத்திரம் இதற்குப் போதும். ஆரத்தின் வர்க்கத்தைச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தோடு பெருக்குங்கள். ஆரத்தை 9 ஆலும் சுருளின் நீளத்தை 10 ஆலும் பெருக்கிக் கூட்டி, அந்தத் தொகையால் வகுங்கள். அளவுகள் அங்குலத்தில் இருந்தால் விடை மைக்ரோஹென்றியில் வரும். நடு இடைவெளி உள்ள காயிலுக்கு இது கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆனால் 20-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க அது போதும். விளம்பரப் படத்திலேயே சுற்றுகளை எண்ணலாம், கம்பியின் தடிமனைக் கேட்டு நீளத்தையும் ஊகிக்கலாம்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்கான உண்மையான காரணம். அடிப்பட்டை பேக்கலைட், அதன் மேல் கறுப்பு பெயிண்ட். பேக்கலைட்டுக்கு எதற்குப் பெயிண்ட்? நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. கீழே, இரண்டு பிளக்குகளுக்கு நடுவே, வேர் ஓடியதுபோல் கிளை பிரிந்த கரிக்கோடு. எப்போதோ அங்கே ஆர்க் (மின்பொறி) அடித்துப் பட்டை கருகியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும், ஒருமுறை அந்தப் பாதை விழுந்துவிட்டால் அடுத்த முறை இன்னும் சுலபமாக அதே வழியில் பாயும். இந்த வகை டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றில் டேங்க் காயிலில் ரேடியோ அலை மட்டும் இல்லை, வால்வின் பிளேட்டுக்குப் போகும் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலான டிசியும் அதன் வழியாகத்தான் போகிறது. சப்ளையை அணைத்து, ஃபில்டர் கண்டென்சரைத் தரைக்குச் சேர்த்து வடித்த பிறகே காயிலைத் தொட வேண்டும் என்று காலம்காலமாகச் சொல்வது அதனால்தான். கருகிய பட்டையைப் பெயிண்டில் மறைத்து அங்கே செருகச் சொல்பவரை என்னவென்று சொல்வது?

படங்களோடு எழுதினேன். முதலில் பதில் இல்லை. பிறகு, பழைய பொருள் உள்ளது உள்ளபடிதான் விற்பேன், சோதிப்பது வாங்குபவர் பொறுப்பு என்றார். “ஒன்றையும் தொடவில்லை” என்ற அவருடைய வரியையே திருப்பி அனுப்பினேன். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது, பணமும் வரவில்லை.

காயிலின் அடிப்பட்டையை நான் உடைத்துப் போட்டுவிட்டேன், அது இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது. வாங்குபவர்கள் அடிப்பக்கத்தின் படம், இரண்டு முனைகளின் படம், பட்டைகளின் படம் மூன்றையும் கேளுங்கள். படத்தில் உங்கள் பெயர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருக்கட்டும். ஏனென்றால் அந்த விற்பனையாளரின் விளம்பரத்தில் அதே பழைய படம் மறுபடியும் வந்திருக்கிறது. அதில் இரண்டு பாதியும் சமமாக, பட்டைகள் கண்ணாடிபோல் தெளிவாக, லிங்க் காயிலின் கைப்பிடியில் ஒரு சின்ன உடைசலோடு அழகான ஒரு காயில் இருக்கிறது. எனக்கு வந்ததில் அந்த உடைசல் இல்லை. படத்தில் இருப்பது ஒன்று, அனுப்புவது வேறொன்று.