தடா மெஸ்: கோங்குராவுக்கு முழு மார்க், விலைக்கு வேறு கதை

ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்ததும் தடா. அங்கிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் தகரக் கூரை போட்ட சின்ன மெஸ், போர்டு தெலுங்கில், பேச்சு பாதி தமிழில். மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: கோங்குரா (புளிச்சக்கீரை) பச்சடிக்காகவே போகலாம். பப்பு, அதாவது ஆந்திரப் பருப்பு, கெட்டியாக இருக்கும், நெய் கேட்காமலே விழும். சாம்பார்தான் தண்ணி.

சாப்பாடு முன்பு 70 ரூபாய், இப்போது 110. மெஸ் நடத்தும் அக்காவிடம் கேட்டேன். "அரிசி, பருப்பு ஏறினது கொஞ்சம்தான் தம்பி, இடத்து வாடகைதான் ரெண்டு பங்காயிடுச்சு" என்றார்.

ஸ்ரீசிட்டி 2008-இல் வந்தது. இசுசூ வண்டி, டைகின் ஏசி, அல்ஸ்டாமின் மெட்ரோ ரயில் பெட்டி எல்லாம் அங்கேதான் தயாராகின்றன. வெளிநாட்டு முதலீடு வந்தால் ஊர் செழிக்கும் என்பது பொய்யில்லை, ஆனால் அது யார் கைக்கு முதலில் போகிறது என்பதை இந்த மெஸ்ஸில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே பார்த்துவிடலாம். ரோட்டோரம் நிலம் வைத்திருந்தவருக்குப் போனது, ரூம் கட்டி வாடகைக்கு விட்டவருக்குப் போனது. அக்காவுக்கு வருவது மிச்சம். நிரந்தர ஊழியர்கள் ஆலை கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுகிறார்கள், இங்கே வருவது கான்ட்ராக்ட் ஆட்களும் லாரி டிரைவர்களும்தான். வெளிநாட்டு உதிரிபாகம் கப்பலில் வந்து இறங்கி லாரியில் ஆலைக்குப் போகிறது என்றால், அந்தப் பயணத்தில் ஊருக்கு நின்றது டிரைவர் சாப்பிட்ட ஒரு சாப்பாடு. (கொஞ்சம் மிகைதான், உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் இங்கேயே இருக்கின்றன.)

தொழிற்சாலை வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கே என்று 2019-இல் ஆந்திராவில் சட்டம் போட்டார்கள். போன வாரம் என் பக்கத்து இலையில் கேட்டது ஒடியா பேச்சு. ஆனால் அக்காவின் மகன் ஒரு ஆலையில்தான் இருக்கிறான், சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, பைக் வாங்கிவிட்டான், அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் இந்த வாடகையைக் கட்டியிருக்கவே முடியாது என்று அக்காவே சொன்னார்.

சரி, போகிறவர்களுக்கு: ஒரு மணிக்குப் போனால் இடம் கிடைக்காது, ரெண்டு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பிடித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பழவேற்காட்டு இறால் இருக்கும், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். ஞாயிறு லீவு.