புள்ளியியல் வீட்டுப்பாடத்துக்கு கிராஸ் வேலிடேட்டட்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் (Stack Exchange) என்ற கேள்வி-பதில் தளங்களின் குடும்பத்தில் புள்ளியியலுக்கென்று 2010இல் தொடங்கிய தளம் கிராஸ் வேலிடேட்டட். பாடக் கணக்கில் சிக்கியவர்கள் முகம் தெரியாத ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இதுதான் நல்ல இடம் என்பேன். ஆனால் கணக்கை யாரும் போட்டுத் தர மாட்டார்கள். பாடப்புத்தகக் கேள்வி என்றால் ‘செல்ஃப் ஸ்டடி’ என்ற டேக் (வகைக்குறி) போட வேண்டும். அதற்கு முழு விடை வராது, அடுத்த படி என்ன என்ற குறிப்புதான் வரும். இன்றிரவே ஒப்படைக்க வேண்டிய அசைன்மென்ட்டை இதை நம்பி வைத்திருக்காதீர்கள்.

பதில் எப்படி வரும் என்பதைப் பெரும்பாலும் கேள்விதான் முடிவு செய்கிறது. ‘இரண்டு குரூப், தலா 10 எண்கள், டி-டெஸ்ட் போட்டேன், சரியா?’ என்று அடிக்கடி கேட்கிறார்கள். (டி-டெஸ்ட் என்பது இரண்டு சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை.) இதற்கு எவ்வளவு பெரிய நிபுணராலும் பதில் சொல்ல முடியாது. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு வரும் ‘ஸ்லீப்’ தரவை எடுத்துக்கொள்வோம். ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் வெளியான டி-டெஸ்ட் கட்டுரையில் வந்த எண்கள் இவை. இரண்டு தூக்க மருந்துகள், ஒவ்வொன்றுக்கும் 10 எண்கள், கூடுதலாகத் தூங்கிய மணிநேரக் கணக்கு. தனித்தனி ஆட்கள் என்று நினைத்துப் போட்டால் டி மதிப்பு -1.86, பி மதிப்பு (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.079, 5 சதவீத அளவில் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. உண்மையில் அதே 10 பேர்தான் இரண்டு மருந்தையும் எடுத்தார்கள். ஜோடி டி-டெஸ்ட்டாகப் போட்டால் டி -4.06, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (ஜோடிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9, பி 0.0028. சராசரி வித்தியாசம் இரண்டு வழியிலும் அதே 1.58 மணிநேரம்தான். ஆளுக்கு ஆள் தூக்கம் மாறுவதால் வரும் ஏற்ற இறக்கம் ஜோடியாகக் கழிக்கும்போது போய்விடுகிறது, அதனால் முடிவே மாறிவிடுகிறது. ஆகவே யாரை, எத்தனை முறை, எப்படி அளந்தார்கள் என்பதைக் கேள்வியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எந்த டெஸ்ட் என்பதை அதன் பிறகு பேசலாம்.

‘புத்தக விடையோடு ஒத்துவரவில்லை’ என்பது இன்னொரு வகை. இதில் பாதிக்கு மேல் கேட்காமலே தீர்த்துக்கொள்ளக்கூடியவை என்று நினைக்கிறேன். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எண்களின் திட்ட விலக்கம் 8ஆல் வகுத்தால் 2, 7ஆல் வகுத்தால் 2.14. ஆர் தானாகவே எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும், பைத்தான் மொழியின் நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகம் தானாக அப்படிக் குறைக்காது. கால்மானமும் அப்படித்தான்: 1 முதல் 8 வரையான எண்களுக்கு முதல் கால்மானம் ஆரில் 2.75, கீழ்ப்பாதியின் இடைநிலை எடுக்கும் புத்தகத்தில் 2.5. ஆரிலேயே இதற்கு 9 முறைகள் உண்டு. இசட் அட்டவணையையும் (இயல்நிலைப் பரவலின் பரப்பு அட்டவணை) பாருங்கள். 1.96க்கு 0.4750 என்று இருந்தால் அது நடுவிலிருந்து அளந்த பரப்பு, 0.9750 என்றால் இடக்கோடியிலிருந்து அளந்தது. இவ்வளவும் பார்த்த பிறகும் ஒத்துவராவிட்டால், எந்தப் புத்தகம், அதில் என்ன விடை, உங்களுக்கு என்ன வந்தது என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள்.

நோட்டுப் புத்தகத்தை போட்டோ எடுத்துப் போடாதீர்கள். உதவ வருபவர் அதிலுள்ள 20 எண்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க மாட்டார், தேடலிலும் அது சிக்காது. சூத்திரத்தை இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே லேட்டெக் (LaTeX) என்ற சூத்திரம் எழுதும் முறையில் எழுதினால் ஒழுங்காகத் தெரியும். ஆர் தரவு என்றால் ‘டிபுட்’ (dput) கட்டளை தரும் வரிகளை அப்படியே ஒட்டுங்கள், எதிர்ப்பக்கத்தில் நொடியில் ஏற்றிக்கொள்வார்கள். எந்த வரி வரை புரிந்தது, எங்கே நின்றுவிட்டது என்பது கட்டாயம். அது இல்லாத கேள்வியைத்தான் மூடிவிடுகிறார்கள். அதில் கடுமை இருப்பது உண்மை, ஆனால் எங்கே தடுமாறுகிறீர்கள் என்று தெரியாமல் குறிப்புத் தர யாராலும் முடியாது.

வந்த பதிலுக்கு ஓட்டு நிறைய இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. ஒரு டெஸ்ட்டைப் பரிந்துரைத்தால் கணினியிலேயே சோதித்துப் பாருங்கள்: வித்தியாசமே இல்லாத தரவை 10,000 முறை உருவாக்கி அந்த டெஸ்ட்டை ஓட்டினால், பி மதிப்பு 0.05க்குக் கீழே சுமார் 500 முறைதான் வர வேண்டும். 1,200 முறை வந்தால் ஏதோ ஒரு நிபந்தனை உடைந்திருக்கிறது. பெரும்பாலும் சார்புள்ள அளவீடுகளைத் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள்.

காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று வேறு இடங்களில் தனிச்செய்தியில் வருபவர்களை ஒதுக்குங்கள். விடை கிடைத்ததும் கேள்வியை அழித்துவிடுவதும் வேண்டாம், பதில் எழுதியவரின் உழைப்பும் அதோடு போய்விடும்.

இரண்டு நாளாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லையென்றால் அதே கேள்வியைப் புதிதாகப் போடாதீர்கள். பின்னூட்டங்களில் கேட்ட விவரங்களைக் கேள்விக்குள்ளேயே சேர்த்துத் திருத்துங்கள். திருத்தியதும் அது பட்டியலின் மேலே வந்து நிற்கும்.