ஸ்டோரேஜுக்கு இரண்டு கேபிள்: பாண்டிங்கா, மல்டிபாத்தா?

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. ஸ்டோரேஜுக்கு இரண்டு கேபிள் இழுத்திருந்தார்கள், ஆனால் இரண்டும் ஒரே ஸ்விட்சில். ஜூனில், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வரும் நேரத்தில் அந்த ஸ்விட்சின் பவர் சப்ளை போய், எடைமேடையில் பில் போட முடியாமல் லாரிகள் ரோடு வரை நின்றன. அதைச் சரிசெய்யப் போனபோது மூன்று வழிகளை எடைபோட்டேன்: இரண்டு கேபிளை ஒன்றாகக் கட்டும் பாண்டிங்கில் இரண்டு வகை, இரண்டையும் தனித்தனிப் பாதையாகவே வைத்துப் பயன்படுத்தும் மல்டிபாத்.

எல்லோரும் முதலில் கேட்பது எல்ஏசிபி, அதாவது ஸ்விட்சும் சேர்ந்து இரண்டு கேபிளையும் ஒரே நேரத்தில் ஓட்டும் பாண்டிங். இரண்டு 1 கிகாபிட் கேபிளைக் கட்டினால் 2 கிகாபிட் வேகம் வரும் என்று நினைக்கிறார்கள், வராது. ஒரு கனெக்‌ஷன் ஒரு கேபிளில்தான் போகும், அதனால் ஒரு சர்வர் ஒரு ஸ்டோரேஜோடு பேசினால் விநாடிக்கு 110 மெகாபைட் சொச்சம்தான். பல பேர் ஒரே நேரத்தில் ஃபைல் எடுக்கும் இடத்துக்கு நல்லது. ஆனால் இரண்டு ஸ்விட்சில் பிரித்துப் போட அவை ஸ்டேக் அல்லது எம்லாக் (இரண்டு ஸ்விட்ச் ஒன்றுபோல நடந்துகொள்ளும் வசதிகள்) தெரிந்தவையாக இருக்க வேண்டும், விலை கூடும்.

என்எஃப்எஸ் ஷேருக்கு (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) நான் சொல்வது ஆக்டிவ்-பேக்கப்: ஒரு கேபிள் ஓடும், மற்றது அது போனால் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கும் பாண்டிங். சாதா ஸ்விட்ச் இரண்டு போதும், அவற்றுக்கு இடையில் ஒரு கேபிள் இருக்கட்டும். ஒன்று கவனம்: பாண்டிங்கில் கேபிளைக் கண்காணிக்கும் மிமான் (miimon) தன் போர்ட்டில் லிங்க் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். ஸ்விட்சுக்கு அப்பால் வழி அறுந்தாலும் லைட் எரியும், இதுவும் நகராமல் உட்கார்ந்திருக்கும். அங்கே மிமானுக்குப் பதில் ஏஆர்பி கண்காணிப்பைப் (எதிர்முனையைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) போட்டு, ஸ்டோரேஜ் ஐபியையே கேட்கச் சொல்லுங்கள்.

ஐஸ்கஸி (iSCSI, டிஸ்க்கையே நெட்வொர்க் வழியாகக் கொடுப்பது) என்றால் பாண்டிங்கே வேண்டாம், மல்டிபாத்துக்குப் போங்கள். இரண்டு நெட்வொர்க் கார்டுக்கும் தனித்தனி சப்நெட் (ஐபி வரிசை), ஸ்டோரேஜோடு தனித்தனி செஷன்; ஒரே டிஸ்க் எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டாகத் தெரியும், மல்டிபாத் அதை ஒன்றாக்கும். ரவுண்ட் ராபினில், அதாவது பாதைகளை மாறி மாறிப் பயன்படுத்தும்போது, இரண்டு கேபிளும் உண்மையாகவே உழைக்கும். லினக்ஸில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் (அறுந்த செஷன் திரும்புமா என்று காத்திருக்கும் நேரம்) 120 விநாடி என்றுதான் வரும், அதை அப்படியே விட்டால் ஒரு பாதை செத்தபின் இரண்டு நிமிடம் டேட்டாபேஸ் தொங்கிக்கொண்டிருக்கும். 5 ஆகக் குறைத்துவிடுங்கள்.

கேபிளை உருவிப் பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. அந்த ஆலையில் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி போட்டுவிட்டு ஸ்விட்சின் பிளக்கையே பிடுங்கினேன். 15 விநாடி போல அசையாமல் நின்றது, அப்புறம் ஓட ஆரம்பித்தது. இரண்டாவது ஸ்விட்சை வேறு யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.