மலைநாட்டில் வீடு வாங்குமுன் மலக்குழிச் சோதனை: மூடி திறப்பதா, தண்ணீர் விடுவதா, பவுசர் அழைப்பதா?

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வீடு கைமாறும்போது உறுதியையும் காணி அளவையும் கவனமாகப் பார்ப்பவர்கள், மலக்குழி விடயத்தில் மட்டும் விற்பவரின் ஒரு வார்த்தையோடு நின்றுவிடுகிறார்கள்: "போன வாரம்தான் பவுசர் (கழிவை உறிஞ்சி எடுக்கும் லொறி) வைத்து எடுத்தோம்." அதைக் கேட்டால்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். தாங்கியிலிருந்து வெளிவரும் கழிவுநீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி அடைத்திருந்தாலும், காலியான தாங்கி மறுபடி நிரம்பும்வரை வீட்டில் எந்தக் குறையும் தெரியாது. நான்கு பேர் உள்ள வீட்டில் 3,000 லீற்றர் தாங்கி நிரம்ப ஒரு வாரம் போதும்.

மூடியைத் திறந்து பார்ப்பதற்குச் செலவே இல்லை. தாங்கியின் நீர்மட்டம், உறிஞ்சு குழிக்குப் போகும் வெளிக்குழாயின் அடிவிளிம்போடு நிற்க வேண்டும். அண்மையில் காலி செய்யாமலே அதற்குக் கீழே இருந்தால் சுவரோ தளமோ ஒழுகுகிறது. மேலே இருந்தால், அல்லது சுவரில் மேலே கறைக்கோடு தெரிந்தால், உறிஞ்சு குழி தண்ணீரை வாங்கவில்லை. நீளமான தடியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால் சேறு படிந்த உயரம் கறுப்பாகத் தெரியும். சேறும் மேலே மிதக்கும் ஆடையும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கானால் தாங்கியைக் காலி செய்யும் நேரம் வந்துவிட்டது. நுவரெலியாக் குளிரில் கழிவு மெதுவாகவே சிதையும் என்பதால் அந்த நேரம் சீக்கிரமே வரும். குழிக்கு அடித்தளமே இல்லையென்றால் அது மலக்குழித் தாங்கியே அல்ல, வெறும் கிடங்கு.

உறிஞ்சு குழியின் உண்மை நிலையைச் சொல்வது தண்ணீர்ச் சோதனைதான். ஒரு மணித்தியாலத்தில் 500 லீற்றர் விட்டு, திறந்த மூடி வழியே மட்டத்தைப் பாருங்கள். ஏறிய மட்டம், தண்ணீரை நிறுத்தியதும் இறங்காவிட்டால் உறிஞ்சு குழி அடைத்திருக்கிறது. பிறகு சரிவில் கீழே இறங்கி நடக்க வேண்டும். அணைச்சுவர்த் துளைகளில் கசிவு, ஓரிடத்தில் மட்டும் கொழுத்த புல், பக்கத்து வீட்டுக் கானில் வாடை இருக்கின்றனவா என்று பாருங்கள். குழிக்குக் கீழே யாரேனும் குடிக்கும் பீலி (ஊற்றுநீர் வரும் குழாய்) இருந்தால், குழியிலிருந்து 50 அடி தள்ளியிருந்தால் போதும் என்ற கணக்கு சரிவில் செல்லாது. கசிவு எங்கே வெளிவருகிறது என்று காண, தண்ணீரில் சாயம் கலந்தும் விடலாம். ஆனால் களிமண்ணில் அது வெளிவர நாட்கள் ஆகும், வராததை நற்சான்றாக எடுக்கக் கூடாது. வெயில் காலத்தில் கெட்ட குழியும் தண்ணீர் வாங்கும். அதனால் இந்தச் சோதனையை மழைக்காலத்தில், ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும் செய்வது நல்லது. அணைச்சுவர் வயிறு தள்ளியிருந்தால் மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் கருத்தைப் பெறாமல் முன்னே போகாதீர்கள்.

தளவெடிப்பு, உடைந்த இடைச்சுவர், வாயு அரித்த சீமெந்து ஆகியவை பவுசர் உறிஞ்சிய பிறகே தெரியும். அப்போது வெளிக்குழாய் வழியே தண்ணீர் திரும்பி வந்தால் உறிஞ்சு குழி நிரம்பிக் கிடக்கிறது. சிக்கல், பவுசர் நிற்கும் வீதிக்கும் குழிக்கும் உள்ள உயர வித்தியாசம்தான். பவுசர் உறிஞ்சப் பயன்படுத்தும் வெற்றிடம் கடல்மட்டத்திலேயே தண்ணீரைச் சுமார் 10 மீற்றர்தான் தூக்கும். 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் அது 8 மீற்றரளவு. குழாய் உராய்வும் சேற்றின் கனமும் சேர்ந்தால் இன்னும் குறையும். வீதியிலிருந்து படி இறங்கிப் போகும் வீட்டில் முதலில் இந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். காலியான குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு நிமிடங்களில் கொல்லும்.

ஒன்றுக்குத்தான் வசதி என்றால் மூடியைத் திறந்துவைத்துச் செய்யும் தண்ணீர்ச் சோதனையையே தேர்ந்தெடுங்கள். மூன்றும் முடியுமென்றால் பவுசர் கடைசியில் வரட்டும். சோதனைக்கு முன் ஒரு மாதத்துக்குக் குழியைக் காலி செய்யக் கூடாது, வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும் என்பதை, அட்வான்ஸ் கொடுக்குமுன் நொத்தாரிசிடம் உடன்படிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.