குலுக்கல் வீடா, பட்டியல் வீடா?

கடலூர்ப் பக்கம் ஒருவர் "கவர்மெண்ட் வீடு வந்துடுச்சு" என்று சொன்னால், எந்த வழியில் வந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சொந்த மனையில் கட்டிக்கொள்ளப் பணம் வந்திருக்கலாம். அடுக்குமாடியில் ஒரு கதவு எண் விழுந்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

கிராமங்களில் பட்டியல்தான் ராஜா. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் 2016இல் வந்தபோது, 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து வரிசை போட்டார்கள். வீடே இல்லாதவர் முதலில், ஓர் அறை மண்வீட்டுக்காரர் அடுத்து என்று போகும். கிராம சபை அதைச் சரிபார்க்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அப்போதைய கழித்துக்கட்டும் விதிகளைப் பாருங்கள்: பைக் இருந்தால் கிடையாது, ஃபிரிட்ஜ் இருந்தால் கிடையாது, என்ஜின் வைத்த மீன்பிடிப் படகு இருந்தாலும் கிடையாது. தேவனாம்பட்டினத்திலோ தாழங்குடாவிலோ படகுதான் பிழைப்பு. அதை வசதி என்று எழுதிக்கொண்டார்கள், என்ன சொல்வது? பைக், ஃபிரிட்ஜ், படகு விதிகளை 2024இல்தான் தளர்த்தினார்கள்.

அதே 2024இல் மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் வந்தது. 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். மத்தியத் திட்டத்தின் அடிப்படைத் தொகை 1.20 லட்சம்தான், கான்கிரீட் கூரைக்கு மாநிலம் தனியாகக் கொடுக்கிறது. பணம் மொத்தமாகக் கைக்கு வராது. பேஸ்மட்டம், லிண்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓவர்சியர் வந்து பார்த்த பிறகுதான் பில் போடுவார்கள். பேஸ்மட்டம் வரை கைக்காசு போட முடியாதவர் அங்கேயே வட்டிக்கு வாங்க ஆரம்பிப்பார். எல்லாவற்றுக்கும் மேல், மனை உங்கள் பேரில் வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு இந்தக் கதவு திறக்காது.

அவருக்கு மிஞ்சுவது வாரிய வீடு. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், நாட்டில் எங்கேயும் சொந்த வீடு இருக்கக்கூடாது, பயனாளி பங்குத் தொகை கட்ட வேண்டும். அப்புறம் குலுக்கல். எந்த பிளாக், எந்த மாடி என்பது சீட்டு எடுக்கும்போதுதான் தெரியும்.

குலுக்கலில் சிபாரிசு செல்லாது, அது பெரிய விஷயம்தான். ஆனால் சீட்டுக்குக் கண் கிடையாது. முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு மூன்றாவது மாடியும், இளம் தம்பதிக்குத் தரைத்தளமும் விழலாம். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தினமும் மாடி ஏறுவது எப்படியென்று யோசித்துப் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் தரச் சொல்கிறது. வயதானவர்களையும் சேர்த்துத் தரைத்தளத்தை முதலில் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியைக் குலுக்குவதுதான் சரி என்பேன்.

மூன்றாவது ஒரு வழி இங்கிலாந்தில் இருக்கிறது. காலியாகும் உள்ளாட்சி வாடகை வீடுகளை விளம்பரப்படுத்துவார்கள். காத்திருப்போர் தங்களுக்குப் பிடித்ததற்குப் பெயர் கொடுக்கலாம். இதை ஏலம் கேட்பது என்றுதான் சொல்வார்கள், ஆனால் காசு கிடையாது. பெயர் கொடுத்தவர்களில் யாருக்குத் தேவை அதிகமோ, யார் அதிக நாள் காத்திருக்கிறாரோ அவருக்குப் போகும். இடம் பார்த்துக் கேட்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கடலை விட்டு எட்டப் போக முடியாத குடும்பத்துக்கு மாடியைவிட இடம்தானே முக்கியம்? ஆனால் வீடு குறைவாக இருக்கும் ஊரில் வருடக்கணக்கில் பெயர் கொடுத்துக்கொண்டே இருப்பவர்களும் அங்கே உண்டு.

கடலூர்க்காரருக்கு என் யோசனை: பட்டா இருந்தால் பட்டியலைப் பிடியுங்கள், தவணைக்கு முன் கொஞ்சம் கைக்காசு சேர்த்துக்கொண்டு. பட்டா இல்லையென்றால் வாரியத்துக்கு மனு போடும்போதே வீட்டிலுள்ள முதியவர், மாற்றுத்திறனாளி விவரத்தைச் சான்றோடு எழுதிக் கொடுங்கள். சீட்டு விழுந்த பிறகு மாற்றிக் கேட்பது கடினம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கிராம சபையில் கேட்கலாம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.