பர்மா பஜார் ஹெட்போனும் ரகுமானின் வெள்ளைக்காரப் படங்களும்

பர்மா பஜாரில் 1,800 சொன்ன ஹெட்போனை, "அண்ணே, ஆயிரத்து நானூறு, அதுக்கு மேல இல்ல" என்று பேசி வாங்கினேன். எங்கள் தண்டையார்பேட்டை வீடு ரோட்டோரம், ராத்திரி பன்னிரண்டுக்கும் கன்டெய்னர் லாரி ஓயாது, அதனால் வெளியிலிருந்து வரும் சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. ஓரளவு தடுக்கிறது, ஹாரனைத் தவிர.

சோதிக்க ஏ.ஆர்.ரகுமான்தான். 2007-இல் 'எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்' படத்துக்கு கிரெய்க் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து இசையமைத்தாரே, அதில் கோரஸும் வயலின்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது இந்த ஹெட்போன் கொஞ்சம் திணறுகிறது, எல்லாம் கூழாகிவிடுகிறது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' அப்படியில்லை, 'ஓ சாயா'வின் தாளம் நெஞ்சில் இடிக்கிறது. இரண்டு ஆஸ்கர் வாங்கித் தந்த படம், சரி, ஆனால் கதை மும்பையில் நடப்பது, பாதி நம்ம வீட்டுச் சமையல். எனக்கு '127 ஹவர்ஸ்'தான் பெரிசு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாறை இடுக்கில் கை மாட்டிய ஒருத்தன், தபேலாவுக்கோ ஆலாபனைக்கோ இடமே இல்லாத கதை, 'லிபரேஷன்' ட்ராக்கில் அந்த கிடார் மெதுவாகத் தொடங்கி முறுக்கிக்கொண்டே போகும்போது ஹெட்போனைக் கழற்றவும் மனசு வரவில்லை, கேட்கவும் முடியவில்லை.

முதல் பீஸில் இடது காது கரகரத்தது. மறுநாளே போனேன், முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். காது மெத்தை மட்டும் அரை மணி நேரத்தில் வேர்த்துவிடுகிறது, மைக் சுத்த வேஸ்ட். பாட்டுக்கு மட்டும் என்றால் வாங்கலாம்.