பேனருக்கு ஹீட்மேப்: வேலூர்ல மூணு வருஷமா யூஸ் பண்ணி பார்த்த அனுபவம்

சத்துவாச்சாரில சின்னதா டிசைன் கடை வெச்சிருக்கேன். பிளெக்ஸ், கடை போர்டு, கல்யாண பத்திரிகை, ஸ்வீட் பாக்ஸ் லேபிள்னு வர்ற எல்லா வேலையும் பண்றேன். 2022லேர்ந்து எந்த டிசைன் முடிச்சாலும் பிரிண்ட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அதை ஒரு சேலியன்சி மாடல்ல ஓட்டி பார்த்துடுவேன். தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், ஒரு படத்தைக் குடுத்தா அதுல மனுஷங்க கண்ணு எங்கெங்க போய் நிக்கும்னு கம்ப்யூட்டர் கணிச்சு, கண்ணு நிறைய போற இடத்தை சிவப்பாவும் போகாத இடத்தை நீலமாவும் காட்டும், அதைத்தான் ஹீட்மேப்னு சொல்றோம். இத்தனை நாள் யூஸ் பண்ணதுல எது நல்லா இருந்துச்சு, எங்க கையை விட்டுச்சுன்னு எழுதறேன், டிசைன் வேலை பண்றவங்களுக்கு உதவும்.

முதல்ல ஓப்பன்சிவில (படங்களை அலச இலவசமா கிடைக்கற ஒரு சாஃப்ட்வேர் தொகுப்பு) இருக்கற ஸ்பெக்ட்ரல் ரெசிடுவல்ங்கற சேலியன்சி முறையைத்தான் போட்டேன். 2007ல வந்தது, பழைய லேப்டாப்லயே கண்ணிமைக்கற நேரத்துல ஓடிடும். ஆனா பேனருக்கு சரிப்படல. ஓரத்துல இருக்கற தோரணம், பூ பார்டர், எழுத்து முனை எல்லாம் ஒண்ணா பத்திக்கிட்டு எரியும், நடுவுல இருக்கற அம்மன் முகம் அது பாட்டுக்கு இருட்டா கிடக்கும். அந்த தலைமுறை மாடலுக்கு முகம்னா என்னன்னே தெரியாதுங்க. இட்டி, கோக், நீபர்னு மூணு பேர் 1998ல போட்ட பேர்போன மாடலும் நிறம், வெளிச்சம், கோட்டோட சாய்வு இந்த மூணுல அக்கம்பக்கத்துலேர்ந்து எது வித்தியாசமா நிக்குதுன்னுதான் பார்க்கும். நேதாஜி மார்க்கெட்ல பச்சை மிளகாய் குவியல்ல ஒரே ஒரு பழுத்த மிளகாய் கிடந்தா அதை கரெக்டா காட்டிடும், மிளகாய் விக்கற அம்மாவோட முகத்தை காட்டாது.

அப்புறம்தான் டீப்கேஸ் டூ-இ-ங்கற புது மாடலுக்கு மாறினேன். ஜெர்மனில டூபிங்கன் யூனிவர்சிட்டி ஆளுங்க 2021ல வெளியிட்டது. இந்த வகை மாடலெல்லாம் படத்துல இருக்கறது நாயா காரான்னு கண்டுபிடிக்க ஏற்கனவே பழகின நியூரல் நெட்வொர்க்கை (படங்களைப் பார்த்துப் பார்த்து கத்துக்கற புரோகிராம்) எடுத்து, அது மேல மனுஷ பார்வையை கத்துக்குடுக்கறாங்க. கத்துக்குடுக்க ஆளுங்க எங்க பார்த்தாங்கன்னு பதிவு பண்ண படத் தொகுப்பு வேணும். சாலிகான்னு ஒரு டேட்டாசெட் (அந்த மாதிரி தொகுப்பு), அதுல பயிற்சிக்கு மட்டும் 10,000 படம், ஆனா அது கண்ணை அளந்தது இல்ல, படத்தை மங்கலாக்கி காட்டி ஆளுங்க மவுஸை எங்க நகர்த்தறாங்கன்னு எடுத்தது. நிஜமா கண்ணையே அளந்ததுன்னா 2009ல வந்த எம்ஐடி டேட்டா, 1003 படம், 15 பேர், ஒரு படத்துக்கு 3 செகண்ட். இந்த 3 செகண்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

என்கிட்ட ஜிபியு (இந்த மாதிரி மாடலை வேகமா ஓட்டற கார்டு) கிடையாது, இலவசமா கிடைக்கற ஆன்லைன் நோட்புக்லதான், அதாவது பிரவுசர்லயே புரோகிராம் ஓட்டற இடத்துலதான் ஓட்டறேன். நடுவுல ஒரு கட்டண சர்வீஸ்லயும் சேர்ந்து பார்த்தேன், கேன்சல் பண்ணதுக்கு அப்புறமும் ரெண்டு மாசம் காசு எடுத்துட்டாங்க, அதோட அந்தப் பக்கம் போகல.

இது எனக்கு நல்லா கை குடுத்த இடம் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா பேனர். நடுவுல அம்மன் சிரசு, சுத்தி ரவுண்டு ரவுண்டா 22 பேரோட போட்டோ, அடியில சிவப்பு மேல மஞ்சள்ல தேதியும் நேரமும். ஹீட்மேப் எடுத்தா 22ல ஒண்ணைத் தவிர எல்லா மூஞ்சியும் தணல் மாதிரி சிவப்பு, அம்மன் பாதி ஆரஞ்சு, தேதி இருந்த இடம் சுத்தமா நீலம். விழாக்குழு பெரியவர்கிட்ட போன்ல காட்டினேன். "இன்னா தம்பி இது, எங்க மூஞ்சிக்கெல்லாம் நெருப்பு வெச்ச மாதிரி கீது"ன்னாரு. அண்ணே, ஜனங்க கண்ணு இங்கதான் போகும், தேதியை யாரும் பார்க்கமாட்டாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, "போட்டோ எடுக்காத, எடுத்தா வீட்டுக்கே வந்து கேப்பாங்க, கீழ ஒரே வரிசையா சின்னதா போட்டுடு, தேதியை அம்மன் பக்கத்துல ஏத்து"ன்னு அவரே வழி சொல்லிட்டாரு. வாயால சொல்லியிருந்தா ஒருநாளும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு. அதே மேப்ல இன்னொண்ணும் கவனிச்சேன், கறுப்பா இருந்த ஒரு தாத்தாவோட பழைய போட்டோ மட்டும் சூடே இல்லாம இருந்துச்சு. வெளிச்சம் ஏத்தி திரும்ப ஓட்டினதும் வந்துடுச்சு. ட்விட்டர்ல 2018லேர்ந்து போட்டோவை தானா கட் பண்ண இந்த மாதிரி மாடல்தான் வெச்சிருந்தாங்க, வெள்ளை முகத்தை வெச்சுக்கிட்டு கறுப்பு முகத்தை வெட்டுதுன்னு 2020ல பெரிய பிரச்சனையாகி 2021ல எடுத்தாங்க. அதனால ஆளுங்க போட்டோவை இதை நம்பி ஆட்டோ கிராப் பண்ணவே மாட்டேன், ஒவ்வொண்ணையும் கையாலதான் வெட்டறேன்.

செட்டிங் விஷயம் ஒண்ணு. டீப்கேஸுக்கு படத்தோட சேர்த்து சென்டர் பயாஸ்னு ஒரு ஃபைல் குடுக்கணும், ஸ்கிரீன்ல படம் பார்க்கறவங்க கண்ணு நடுவுலயே சுத்தும்ங்கற கணக்கு அது. ஸ்வீட் பாக்ஸ் லேபிளுக்கு அது சரி. பேனருக்கு அப்படியே விட்டா எது நடுவுல இருந்தாலும் சூப்பர்னு காட்டும், நான் ஆரம்பத்துல ஆறு மாசம் இதுலயே ஏமாந்துட்டேன். இப்ப எல்லா இடத்துக்கும் சம அளவு குடுத்துதான் ஓட்டறேன். அதோட டிசைனை தனியா ஓட்டறதையும் விட்டுட்டேன், மாட்டப்போற இடத்தை ரோட்டு எதிர்ல நின்னு போட்டோ எடுத்து அதுல பேனரை ஒட்டி, 1024 பிக்சல் அகலத்துக்கு சுருக்கி ஓட்டுவேன். கிரீன் சர்க்கிள்கிட்ட ஒரு துணிக்கடை பேனர் தனியா பார்த்தப்ப ஜம்முனு இருந்துச்சு, ரோட்டுப் படத்துல ஒட்டினா சூடெல்லாம் பக்கத்துக் கடை போர்டுக்கும் பைக்ல போறவர் முகத்துக்கும் போயிடுச்சு. நாலு வரியை தூக்கிட்டு ஒரு வரி வெச்சேன்.

இனி கையை விட்ட கதை. ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டுல ஒரு லாட்ஜ் போர்டு பண்ணேன். வேலூருக்கு வைத்தியம் பார்க்க வங்காளம், அசாம், ஜார்கண்ட்னு எங்கெங்கேர்ந்தோ வர்றாங்க, அதனால தமிழ், இங்கிலீஷ், இந்தி, வங்காளம் நாலும் இருக்கணும்னாரு ஓனர். ஏசி ரூம் போட்டோ மேல மாடல் நல்ல சிவப்பு குடுத்துச்சு, அடியில வங்காள வரி நீலம். சரி, அது எப்படியும் கண்ணுல படாது, சின்னதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

போர்டு மாட்டின மறுநாள் எதிர் டீக்கடையில உக்காந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு அம்மா, கையில ஸ்கேன் ரிப்போர்ட் வெச்ச பெரிய கவர், இன்னொரு கையில புருஷனை பிடிச்சிருந்தாங்க, அவருக்கு மூக்குல டியூப். வரிசையா இருக்கற போர்டுல கண்ணை ஓட்டிக்கிட்டே வந்தாங்க, என் போர்டுல ரூம் போட்டோ பக்கம் தலையே திரும்பல, நேரா அடியில இருந்த அந்த வங்காள வரிக்கு வந்து நின்னுட்டாங்க. எழுத்து சின்னது, கூட்டி கூட்டி படிச்சு, படியேறி கிட்ட வந்து விரல் வெச்சு பார்த்தாங்க. எனக்கு மனசே கேக்கல.

யார்பஸ்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி, 1967ல இங்கிலீஷ்ல வந்த அவரோட புத்தகத்துல, ஒரே ஓவியத்தை ஒரே ஆளுக்கு காட்டி வேற வேற கேள்வி கேட்டா கண்ணு போற பாதையே மாறிடுதுன்னு படம் போட்டு காட்டியிருக்காரு. நம்ம மாடல் கத்துக்கிட்டதோ அந்த 3 செகண்ட் சும்மா பார்த்தவங்ககிட்டேர்ந்து. அவங்களுக்கு தேட வேண்டியது எதுவும் இல்ல, ராத்திரி தங்க இடமும் வேணாம். இந்த ரோட்டுல நடக்கறவங்க பாதி பேர் எதையாவது தேடிக்கிட்டுத்தான் வர்றாங்க, லேப் எங்க, மருந்துக்கடை எங்க, சமைச்சுக்க அடுப்பு வெச்ச ரூம் எங்கன்னு.

அதனால இப்ப எனக்குன்னு ஒரு முறை வெச்சிருக்கேன். சும்மா போறவங்க பார்க்கற திருவிழா பேனர், ஸ்வீட் பாக்ஸ், ஆஃபர் பிளெக்ஸ், இதுக்கெல்லாம் மாடல் சொல்றதை முக்காவாசி கேப்பேன். தேடி வர்றவங்களுக்கான போர்டுன்னா அதை வேண்டாததை தூக்கறதுக்கு மட்டும் வெச்சுக்குவேன், எதை எவ்ளோ பெருசு வைக்கணும்ங்கறதை ரோட்டுல நின்னு பார்த்துத்தான் முடிவு பண்றேன்.

அந்த லாட்ஜ் போர்டை என் செலவுலயே மாத்திக் குடுத்துட்டேன். ரூம் போட்டோவை பாதியாக்கி, வங்காள வரிக்கு கண்ணு மட்டத்துல வெள்ளை பட்டை, சுத்தி எந்த டிசைனும் இல்லாம. இப்ப ஓனர் சித்தூர் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு தெலுங்குலயும் ஒரு வரி கேக்கறாரு. ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்காது, திங்கக்கிழமை காலையில ஓபி நேரத்துக்கு போய் அதே டீக்கடையில உக்காந்து பார்த்துட்டுத்தான் அளவு எடுக்கணும்.